கெட்ட செய்தியை முதலில் சொல்பவரிடம் வாங்குங்கள்

கேள்வி: நானும் என் கணவரும் மூன்று ஆண்டுகளாகப் பாய்மரப் படகு ஓட்டக் கற்று, சான்றிதழும் பெற்றிருக்கிறோம். பதினான்கு ஆண்டுப் பழைய, 36 அடி நீளமுள்ள ஃபைபர் படகு ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. அதை விற்றுத் தரும் முகவர் மிகவும் அன்பாகப் பேசுகிறார். தனக்குத் தெரிந்த சர்வேயரையே வைத்துப் பார்த்துவிடலாம் என்கிறார். சனிக்கிழமை வேறொருவர் பார்க்க வருகிறாராம், அதற்குள் முன்பணம் போட்டுவிடச் சொல்கிறார். என் கணவரோ முதலில் ஓரிரு பருவம் வாடகைப் படகில் போய்ப் பழகலாம் என்கிறார். அதிலும் ஏமாற்று உண்டு என்று கேள்விப்படுகிறோம். நம்பகமானவரை எப்படி அடையாளம் காண்பது?

பதில்:

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தில் 'அன்பாகப் பேசுகிறார்' என்ற இடத்தில் சற்று நின்றுவிட்டேன். படகுகளைத் தட்டிப் பார்த்து அறிக்கை எழுதும் சர்வேயர் தொழிலில் எனக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அன்பாகப் பேசாத படகு முகவரை இதுவரை நான் அநேகமாகச் சந்தித்ததே இல்லை. படகு வாங்க வருபவர்கள் பெரும் ஆசையோடு வருகிறார்கள். அந்த ஆசைக்கு முன்னால் எவரும் கடுகடுக்க மாட்டார்கள். ஆகவே அவருடைய அன்பை அவருக்குச் சாதகமாகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள், சந்தேகத்துக்குக் காரணமாகவும் ஆக்காதீர்கள்.

எனக்குத் தெரிய வேண்டியது வேறு. அந்தப் படகைப் பற்றிய முதல் குறையை அவர் எப்போது சொன்னார்? நீங்கள் கேட்ட பிறகா, கேட்பதற்கு முன்பா, அல்லது இன்னும் சொல்லவே இல்லையா? பதினான்கு ஆண்டுகள் உப்புத் தண்ணீரில் கிடந்த படகில் குறை இல்லாமல் இருக்க முடியாது. எங்காவது ஒரு ஜன்னல் ஒழுகும், ஏதாவது ஒரு வால்வு திருகினால் திரும்பாது, பாய்த்துணி தன் வடிவத்தை இழந்து தொய்ந்திருக்கும். உங்கள் கடிதத்தில் படகின் வயதும் நீளமும் இருக்கின்றன, முகவரின் அன்பு இருக்கிறது, ஒரு குறைகூட இல்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு முகவர் தன்னிடம் படகு பார்க்க வந்த இளம் தம்பதியிடம், நான் கூடவே நிற்கும்போது, "மேல்தளத்தில் பாய்மரத்தின் அடியைச் சுற்றி ஈரம் இருக்கிறது, உள்ளே இருக்கும் பால்சா மரம் ஊறியிருக்கலாம், சர்வேயரிடம் அந்த இடத்தை மறக்காமல் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்" என்றார். சுத்தியலின் பிளாஸ்டிக் முனையால் தட்டினேன். நல்ல இடத்தில் கணீரென்று கேட்ட ஒலி, அங்கே வந்ததும் சொத்தென்று அடங்கியது. அந்தத் தம்பதி அந்தப் படகை வாங்கவில்லை. எட்டு மாதம் கழித்து அதே முகவரிடம் வேறு படகு வாங்கினார்கள். இன்றும் யாராவது கேட்டால் அவரிடம்தான் அனுப்புகிறேன்.

இனி பணத்தின் வழியைப் பார்ப்போம். பழைய படகை விற்றுத் தரும் முகவருக்குக் கமிஷன் கொடுப்பவர் விற்பவர். பெரும்பாலும் அது விற்பனை விலையில் 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும். விலை ஏறினால் அவர் வருமானமும் ஏறும், விற்பனை நின்றுபோனால் அவருக்கு ஒன்றும் இல்லை. இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை, தொழிலின் அமைப்பே அப்படி. ஆனால் வாங்குபவர்களில் பலர், உபசரித்துப் படகைச் சுற்றிக் காட்டும் மனிதர் தங்களுக்காக வேலை செய்கிறார் என்று நினைத்துக்கொள்கிறார்கள். "நான் இதைவிட இவ்வளவு அதிகமாகக் கொடுக்கவும் தயார்" என்று அவரிடமே மனம் திறந்து சொல்லிவிடுகிறார்கள். அது அன்று மாலையே விற்பவர் காதுக்குப் போய்விடும், போகத்தான் வேண்டும், அது அவருடைய கடமை. அவரிடம் நேரடியாகக் கேளுங்கள்: "இந்த விற்பனையில் நீங்கள் யாருடைய ஆள்?" நேர்மையானவர் தயங்காமல் "விற்பவருடைய ஆள்" என்பார். "இரண்டு பேருக்கும் பொதுவானவன்" என்று குழைபவரிடம் கொஞ்சம் எட்டியே நில்லுங்கள். உங்கள் பக்கம் நிற்க ஒருவர் வேண்டுமென்றால், வாங்குபவருக்காக வேலை செய்யும் முகவர்களும் இருக்கிறார்கள். அவருக்கு யார், எவ்வளவு, எப்போது கொடுப்பது என்பதை முதல் நாளே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் ஒய்பிஏஏ, பிரிட்டனில் ஏபிஒய்ஏ போன்ற முகவர் சங்கங்கள் உள்ளன. அவற்றின் உறுப்பினர்களுக்கு நடத்தை விதிகள் உண்டு. உறுப்பினராக இருப்பது நல்லதுதான், ஆனால் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழோடு நிறுத்திவிடாதீர்கள். அவர் பெயர் உறுப்பினர் பட்டியலில் இப்போதும் இருக்கிறதா என்று சங்கத்திடமே கேட்டுப் பாருங்கள். அதைவிட முக்கியமானது, கடந்த இரண்டு ஆண்டுகளில் அவரிடம் படகு வாங்கிய மூன்று பேருடன் பேசுவது. "படகு பிடித்திருக்கிறதா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் பிடித்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள். "வாங்கிய பிறகு ஏதாவது கெட்டுப்போனதா, அப்போது அவர் தொலைபேசியை எடுத்தாரா?" என்று கேளுங்கள்.

முன்பண விஷயத்துக்கு வருகிறேன். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசப்போகிறேன். முன்பணம் கேட்பது தவறில்லை. பேசிய விலையில் பத்தில் ஒரு பங்கு கொடுப்பது பரவலான வழக்கம். அது எந்தக் கணக்கில் போய் உட்காருகிறது, எந்த நிபந்தனையில் திரும்பி வரும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வாடிக்கையாளர் பணத்தை முகவரின் சொந்தப் பணத்தோடு கலக்காமல் தனியாக வைத்திருக்கும் கணக்கில்தான் அது இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் 'சர்வேயும் கடலில் ஓட்டிப் பார்ப்பதும் திருப்தியாக அமைந்தால் மட்டுமே விற்பனை' என்ற நிபந்தனை இருக்க வேண்டும். அமையாவிட்டால் முழுத் தொகையும் எத்தனை நாளில் திரும்பும் என்று தேதியோடு எழுதியிருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கையெழுத்து எதுவும் இல்லாமல் முகவரின் அன்றாடக் கணக்கிலேயே முன்பணத்தைப் போட்டார். நான் படகைப் பார்த்து "வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தேன். ஆனால் பணம் திரும்பவில்லை. அந்த முகவர் அதற்குள் அதைத் தன் கடை வாடகைக்கும் கடனுக்கும் செலவழித்துவிட்டிருந்தார். அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஆசிரியர் என்னைப் பார்த்த பார்வையை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது.

இன்னொன்று. வங்கிக் கணக்கு எண் மின்னஞ்சலில் வந்தால், முன்பே உங்களிடம் இருக்கும் தொலைபேசி எண்ணில் அவரை அழைத்து ஒவ்வோர் எண்ணாகச் சரிபாருங்கள். முகவர் நேர்மையானவராகவே இருந்தாலும் அவருடைய மின்னஞ்சலுக்குள் திருடன் புகுந்து கணக்கு எண்ணை மாற்றி அனுப்பலாம்.

சர்வேயரைத் தேர்ந்தெடுப்பதும் அவருக்குக் கூலி கொடுப்பதும் நீங்களாகத்தான் இருக்க வேண்டும். முகவர் சிபாரிசு செய்யும் சர்வேயர் திறமைசாலியாகவே இருக்கலாம். ஆனால் மாதத்துக்கு மூன்று வேலை அனுப்பும் ஒருவரின் விற்பனையைக் கெடுத்து அறிக்கை எழுதும்போது பேனா சற்றுத் தயங்கும். அந்தத் தயக்கத்தை நானே இளமையில் உணர்ந்திருக்கிறேன். அதனால்தான் முகவர்கள் மூலம் வரும் வேலையை வெகு காலமாக ஏற்பதில்லை. சாம்ஸ், நாம்ஸ், ஐஐஎம்எஸ், ஒய்டிஎஸ்ஏ ஆகிய சர்வேயர் அமைப்புகளின் பட்டியலில் நீங்களே தேடுங்கள். பாய்மரப் படகில் அனுபவம் உள்ளவரா, தொழில் பொறுப்புக் காப்பீடு வைத்திருக்கிறாரா, பழைய அறிக்கை ஒன்றைப் பெயர்களை மறைத்துக் காட்டுவாரா என்று கேளுங்கள். வெளியிலிருந்து சர்வேயரை அழைத்து வரப்போகிறேன் என்று முகவரிடம் சொல்லிப் பாருங்கள். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? நல்ல முகவர் படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி நிறுத்தும் நாளைக் குறித்துக்கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

படகைத் தூக்காமல் பார்க்கும் சர்வேக்கு ஒருநாளும் சம்மதிக்காதீர்கள். 36 அடிப் படகின் உயிர்நாடிகள் நீர்மட்டத்துக்குக் கீழேதான் இருக்கின்றன. ஃபைபர் உடலில் நீர் ஊறி எழும்பும் கொப்புளங்கள், சுக்கானின் ஆட்டம், அடிப்பகுதித் துளைகளில் உள்ள வால்வுகள் எல்லாவற்றையும் அங்கேதான் பார்க்க முடியும். வால்வு வெண்கலத்தில் இருந்தால் நல்லது. சாதாரணப் பித்தளையில் இருந்தால் கடல்நீரில் அதன் துத்தநாகம் கரைந்து, பார்க்க முழுசாக இருந்தும் ஒரு உதையில் பிஸ்கெட் போல உடைந்துவிடும். அப்புறம் கீல். படகின் அடியில் தொங்கி அதைக் கவிழாமல் காக்கும் கனத்த பகுதி அது.

கீலைப் பற்றி முகவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தப் படகு எப்போதாவது தரை தட்டியிருக்கிறதா?" 2014 மே மாதம் அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவில் 'சீக்கி ராஃபிக்கி' என்ற 40 அடிப் பாய்மரப் படகின் கீல் கழன்று விழுந்தது. அதில் இருந்த நால்வரும் உயிரிழந்தார்கள். பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு, அதற்கு முன் பலமுறை அந்தப் படகு தரை தட்டியதும், பிறகு கீலிலும் அதைத் தாங்கும் உட்சட்டத்திலும் செய்த பழுதுபார்ப்புகளும் சேர்ந்து அதன் அமைப்பைப் பலவீனமாக்கியிருக்கலாம் என்று கூறியது. தரை தட்டாத படகு அரிது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்கே, எவ்வளவு வேகத்தில் தட்டியது, பிறகு யார் பழுதுபார்த்தார்கள், ரசீது இருக்கிறதா என்று தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் "எனக்குத் தெரியாது, உரிமையாளரிடம் கேட்டு எழுத்தில் வாங்கித் தருகிறேன்" என்று முகவர் சொல்ல வேண்டும். "சே, இந்தப் படகா? ஒருபோதும் இல்லை" என்று உரிமையாளரைக் கேட்காமலே அடித்துச் சொல்பவர் உங்கள் உயிரைப் பற்றி யோசிக்கவில்லை.

பதினான்கு வயதுப் படகு என்பதால் பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தும் எஃகுக் கம்பிகள் எப்போது மாற்றப்பட்டன என்பதையும் கேளுங்கள். பத்து ஆண்டுகளைத் தாண்டிய கம்பிகளைப் பற்றிக் காப்பீட்டு நிறுவனங்கள் பல கேள்வி எழுப்பும், மாற்றச் சொல்லவும் கூடும். அந்தச் செலவு விலைப் பேச்சில் வந்தாக வேண்டும். எஞ்சினின் விசை படகின் அடித்தளத்தைத் துளைத்து நேராகக் கீழே இறங்கும் அமைப்பாக இருந்தால், அந்தத் துளையை மூடும் ரப்பர் வளையத்தின் வயதைக் கேளுங்கள். வோல்வோ பென்டா நிறுவனம் அதை ஏழு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. உங்கள் படகுக்கு இதற்குள் இரண்டு முறை மாறியிருக்க வேண்டும். மாறியதற்கான ரசீதை எடுத்து நீட்டுபவரை நான் மதிப்பேன்.

காகிதங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதற்கு ஒரு கடல்சார் வழக்கறிஞரின் அரை நாள் போதும். படகின் மேல் கடன் இருந்தால் அது பழைய உரிமையாளரோடு போய்விடாது, பல இடங்களில் படகோடு ஒட்டிக்கொண்டு உங்களிடம் வந்துவிடும். படகுத்துறை வாடகை பாக்கிகூட அப்படி வரலாம். வீட்டுக்கு வில்லங்கம் பார்ப்பது போலப் படகுக்கும் பாருங்கள். படகின் உடலில் பொறித்திருக்கும் அடையாள எண், பதிவுச் சான்றில் உள்ள எண்ணோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். அமெரிக்காவில் 1972 முதல் அது 12 எழுத்து எண்களாகவும், 1998 முதல் ஐரோப்பிய விதிப்படி விற்பனைக்கு வந்த படகுகளில் நாட்டுக் குறியீட்டோடு 14 ஆகவும் இருக்கும். பெரும்பாலும் பின்பக்கச் சுவரின் வலது மேல் மூலையில் காணலாம். சுரண்டி அழித்ததுபோல இருந்தால் அங்கேயே விடைபெற்று வந்துவிடுங்கள்.

இனி உங்கள் கணவரின் யோசனை. அவர் சொல்வதில் ஆழம் இருக்கிறது. இரண்டு பருவம் வெவ்வேறு வாடகைப் படகுகளில் போய்வந்தால் உங்களுக்கு என்ன வேண்டும் என்பது உங்களுக்கே தெளிவாகிவிடும். 36 அடி அதிகமா, சமையல் மேடை படகின் எந்தப் பக்கம் இருக்க வேண்டும், இரவில் நங்கூரத்தில் நிற்கும்போது உறக்கம் வருகிறதா என்பதெல்லாம் முகவரின் அலுவலகத்தில் தெரியவராது.

கேப்டன் இல்லாமல் நீங்களே ஓட்டிச் செல்லும் வாடகையில் நல்ல நிறுவனத்தை அடையாளம் காண ஒரு வழி சொல்கிறேன். அவர்கள் உங்களை எவ்வளவு துருவிக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். என்ன சான்றிதழ், எவ்வளவு நீளமுள்ள படகை எங்கே ஓட்டியிருக்கிறீர்கள், உடன் வருபவர்களில் அனுபவம் உள்ளவர் யார் என்று கேட்க வேண்டும். கிரீஸ், குரோவேஷியா போன்ற நாடுகளில் சட்டமே சான்றிதழ் கேட்கிறது. குரோவேஷியாவில் வானொலி இயக்கும் சான்றும் வேண்டும். எதையும் கேட்காமல் பணத்தை மட்டும் கேட்கும் நிறுவனம் உங்களைப் பற்றியும் கவலைப்படவில்லை, தன் படகைப் பற்றியும் கவலைப்படவில்லை. அப்படிக் கவலைப்படாதவர் உங்களுக்கு முந்தைய வாரம் வந்தவரையும் அப்படித்தான் அனுப்பியிருப்பார். அவர் உடைத்துவிட்டுப் போனதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

வாடகை முகவர்கள் பலருக்குப் படகை வைத்திருக்கும் நிறுவனம் கமிஷன் கொடுக்கிறது. அதனால் அவர் வழியாகப் போனாலும் நேரடியாகப் போனாலும் உங்களுக்கு விலை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். நல்ல முகவர் அந்தப் படகுகள் நிற்கும் படகுத்துறைகளுக்கு நேரில் போய்வந்திருப்பார். "அந்த நிறுவனத்தின் படகுகளில் எதை நீங்கள் எடுக்கமாட்டீர்கள்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் பதிவு செய்யுங்கள். முழுப் பணம் கட்டும் முன் படகின் பெயர், கட்டிய ஆண்டு, அது நிற்கும் துறை மூன்றையும் வாங்கி, துறை அலுவலகத்தை அழைத்து அந்தப் பெயரில் ஒரு படகு உண்மையிலேயே நிற்கிறதா என்று விசாரியுங்கள். இல்லாத படகை வாடகைக்கு விடும் மோசடி நடக்கிறது.

பிணைத்தொகையில்தான் வாடகைச் சண்டைகள் பெரும்பாலும் எழுகின்றன. திரும்பி வரும் பிணைத்தொகை எது, திரும்பி வராத சேதக் கட்டணம் எது என்று பிரித்து எழுதி வாங்குங்கள். கீல், சுக்கான் போன்ற அடிப்பகுதிச் சேதத்துக்கும் அந்தக் கட்டணம் ஈடாகுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். வாடகைப் படகைக் கையில் பெறும் அன்று, வெளிச்சம் இருக்கும்போதே, ஒவ்வொரு கீறலையும் தேதி தெரியப் படம் எடுங்கள். நங்கூரத்தை இறக்கி ஏற்றுங்கள், பாய்களை முழுதாக விரித்துப் பாருங்கள். உயிர்காக்கும் அங்கிகளை எண்ணி, ஒவ்வொருவரும் போட்டுப் பாருங்கள். காப்புத் தெப்பத்தின் அடுத்த பராமரிப்புத் தேதி தாண்டியிருந்தால் வேறு தெப்பம் வரும்வரை கயிற்றை அவிழ்க்காதீர்கள். "பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், சீக்கிரம்" என்று உங்களுக்கே தோன்றும். தோன்றட்டும். இந்த இரண்டு மணி நேரமும் உங்கள் விடுமுறையில் சேர்ந்ததுதான்.

ஓர் எச்சரிக்கை. வாடகைக்கு ஓட்டிய படகு பிடித்துப்போய், அதே நிறுவனம் ஐந்தாறு ஆண்டு ஓடிய படகுகளை விற்கிறது என்று அறிந்து, அதை வாங்க ஆசை வரலாம். அப்படி வாங்கி நிறைவாக இருப்பவர்களை அறிவேன். சொந்தப் படகின் எஞ்சின் ஆண்டுக்கு நூறு மணி நேரம்கூட ஓடாமல் இருக்கும். வாடகைப் படகின் எஞ்சின் அதைப்போலப் பல மடங்கு ஓடியிருக்கும். ஆனால் முறையாகப் பராமரிக்கும் நிறுவனத்திடம் ஒவ்வொரு வேலைக்கும் பதிவேடு இருக்கும். அந்தப் பதிவேட்டை முழுதாகத் தருபவரிடம் பேசலாம், முதல் பக்கத்தை மட்டும் காட்டுபவரிடம் வேண்டாம்.

நாளைக் காலை அந்த முகவரை அழைத்து நான்கு விஷயங்களைச் சொல்லுங்கள். படகின் அறிந்த குறைகளை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். முன்பணம் தனிக் கணக்கில், நிபந்தனையோடுதான் என்று சொல்லுங்கள். சர்வேயர் உங்கள் ஆள் என்று சொல்லுங்கள். கடலில் ஓட்டிப் பார்க்கும் நாளில் நீங்கள் வரும்வரை எஞ்சினை யாரும் தொடக்கூடாது என்று சொல்லுங்கள். முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்தால், குளிர்ந்த எஞ்சின் கிளம்பத் திணறுவதும் கக்கும் புகையும் மறைந்துவிடும். அங்கே போனதும் முதல் வேலையாக எஞ்சின் மேல் உள்ளங்கையை வையுங்கள்.

நான்குக்கும் ஒப்புக்கொண்டால் தொடருங்கள், சனிக்கிழமைக்குள் நிபந்தனையோடு முன்பணமும் போடலாம். முகம் மாறினால், சனிக்கிழமை வரும் அந்த இன்னொருவரே வாங்கிக்கொள்ளட்டும். இந்த அளவில், இந்த வயதில் படகுகள் ஒவ்வொரு பருவமும் விற்பனைக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. சர்வே அறிக்கை வந்ததும் அதில் புரியாத பக்கம் இருந்தால் எனக்கு அனுப்புங்கள். உட்கார்ந்து படித்து, வரிக்கு வரி விளக்கம் எழுதுகிறேன்.